பழைய வீட்டு பியூஸ் பெட்டியை மாற்றப் போகிறவர்களுக்கு: திருமலையில் இருந்து ஒரு வழிகாட்டி

திருமலை (திருகோணமலை) நகருக்குள் அறுபது எழுபது வருடம் தாண்டிய வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. உவர்மலை, டொக்யார்ட் வீதி, உட்துறைமுக வீதி என்று எந்தப் பக்கம் போனாலும் காணலாம். பெரும்பாலானவற்றில் முன் விறாந்தைச் சுவரில் மீற்றர், அதற்குக் கீழே ஒரு மரப்பலகை, பலகையில் கறுப்பு மெயின் சுவிச், பக்கத்தில் நாலைந்து வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். நாலு பல்ப், ஒரு ரேடியோ, வசதியான வீடென்றால் ஒரு ஃபேன் என்ற கணக்கில் போட்ட வயரிங் அது. இன்றைக்கு அதே பலகையில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிணற்று மோட்டர், ஏசி எல்லாம் தொங்குகின்றன. 2022 காஸ் தட்டுப்பாட்டில் அவசரமாக வாங்கிய மின்சார அடுப்பும் பல குசினிகளில் அப்படியே தங்கிவிட்டது.

வீட்டு வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில், பெட்டியை மாற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்காக இதை எழுதுகிறேன். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்து நீங்களே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், செய்யவும் வேண்டாம். ஆனால் வேலைக்கு ஆளைக் கூப்பிடுவதற்கு முன் என்ன பார்ப்பது, என்ன கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் எர்த் (கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பு), அடுத்தது ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் சுவிச்), அப்புறம் வயர், கடைசியில்தான் பெட்டி. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, கடையில் பளபளப்பாக இருக்கும் பெட்டியை வாங்கிச் சுவரில் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

உள்ளதைப் பாருங்கள், எதையும் கழற்றாமல்

கம்பத்திலிருந்து வரும் வயர், மீற்றர், மீற்றரோடு முத்திரை வைத்த கட் அவுட் (சபையின் பியூஸ்) அல்லது பிரேக்கர், இவ்வளவும் மின்சார சபையினுடையவை. முத்திரையை உடைப்பது குற்றம், நீங்களும் உடைக்கக் கூடாது, உங்கள் எலக்ட்ரீஷியனும் உடைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வருவது எல்லாம் உங்கள் பொறுப்பு.

பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சுற்றிக் கருகிய தடம் இருக்கிறதா, பியூஸ் கட்டையில் பழுப்பு படிந்திருக்கிறதா, அயன் போடும்போது அந்த இடத்தில் கருகிய மீன் மாதிரி ஒரு நாற்றம் வருகிறதா? சூடேறிய பழைய பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் அப்படித்தான் மணக்கும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ ஒருவர் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த கட்டை ஒன்றாவது பழைய பலகையில் இருக்கும். 15 அம்பியர் பியூஸ் கம்பி வெறும் 0.5 மி.மீ. தடிப்புத்தான். அந்த இடத்தில் லைற் வயரை உரித்துப் போட்டால் 30 அம்பியர் போனாலும் அது உருகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் முதலில் உருகும்.

வயர் எப்படி ஓடுகிறது என்றும் பாருங்கள். மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து, ரப்பர் உறையும் நூல் பின்னலும் உள்ள வயர் ஓடினால், அல்லது ஈய உறை போட்ட வயர் என்றால், அதைப் புதுப் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த ரப்பர் அசையாமல் இருக்கும் வரைதான் ரப்பர். பெட்டி மாற்ற வயரை வளைத்தவுடனே காய்ந்த மண் மாதிரி உதிர்ந்து, வெறும் செம்பு கையில் நிற்கும்.

நிறமும் முக்கியம். பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி), பச்சை எர்த். இப்போது மண்ணிறம் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். மூன்று ஃபேஸ் கம்பி வரும் த்ரீ ஃபேஸ் வயரிங்கில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் மூன்றுமே ஃபேஸ். அதாவது பழைய வீட்டில் நியூட்ரலாக இருந்த கறுப்பு, புது வயரிங்கில் உயிருள்ள கம்பியாக இருக்கலாம். பாதி பழசு பாதி புதுசாக ஓடும் வீடுகளில் நிறத்தை நம்பிக் கை வைப்பது ஆபத்து.

எர்த்: இதில் அவசரப்பட வேண்டாம்

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் இணைப்போடு எர்த் வருவதில்லை. மின்சார சபை ஃபேஸும் நியூட்ரலும் தருகிறது, எர்த்தை நாம்தான் நம் வளவில் நிலத்துக்குள் அடிக்க வேண்டும். அதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் எர்த் இல்லாமலும் லைற் எரியும்.

மத்திய வீதிப் பக்கம் ஒரு வீட்டில் பலகையிலிருந்து பச்சை வயர் ஒழுங்காக இறங்கி, சுவரோரம் போய், முற்றத்துக் குழாயடியில் இரும்புத் தண்ணீர்ப் பைப்பில் கிளாம்ப் போட்டு முடிந்திருந்தது. கிளாம்ப் இறுக்கமாக இருந்தது, துரு கூட இல்லை. அந்தக் காலத்து முறைப்படி சரியான வேலைதான். பைப்பைச் சுற்றி மண்ணைக் கிளறிப் பார்த்தால் ஒரு முழம் ஆழத்தில் இரும்பு முடிந்து பிளாஸ்டிக் பைப் தொடங்குகிறது. எப்போதோ தண்ணீர் லைன் மாற்றியபோது மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை. வீட்டுக்கார அம்மா, "தம்பி, லைற் எல்லாம் எரியுதுதானே, பிரிட்ஜைத் தொட்டாத்தான் கொஞ்சம் விறுவிறுக்கும்" என்றார். அந்த விறுவிறுப்புத்தான் எர்த் இல்லை என்பதற்கான அறிவிப்பு. உங்கள் வீட்டில் பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ தொட்டால் அப்படி இருந்தால், இதை வாசித்து முடிக்கும் முன் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. பிரிட்ஜின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது, எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் 11.5 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் அதற்குப் போகாது, பிரேக்கரும் விழாது. பிரிட்ஜ் கரண்டோடு அப்படியே நிற்கும். இதனால்தான் நம் ஊர் வயரிங்கில் பியூஸோ பிரேக்கரோ மட்டும் ஆளைக் காப்பாற்றாது, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வழிதவறிப் போனால் ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடும், கசிவு அதைவிடப் பெரிதென்றால் இன்னும் வேகமாக.

சில வீடுகளில் பழைய ட்ரிப் சுவிச் ஒன்று ஏற்கனவே இருக்கும், அதைக் காட்டி "இங்கே இருக்குதானே" என்பார்கள். அதில் ஃபேஸ், நியூட்ரல் தவிர எர்த்துக்கு என்று தனியாக இரண்டு முனைகள் இருந்தால் அது பழைய வோல்ட்டேஜ் வகை. எர்த் வயர் அறுந்தாலோ, கரண்ட் வேறு வழியால் நிலத்துக்குப் போனாலோ அதற்குத் தெரியாது. கழற்றிவிட வேண்டியதுதான்.

சரி, கம்பியை எங்கே அடிப்பது? செம்பு பூசிய உருக்குக் கம்பி, குறைந்தது நாலடி, பித்தளை கிளாம்ப், மேலே மூடியுள்ள சின்னக் குழி. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கம் மண் ஈரமாக இருக்கும், அங்கே நல்லது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் மேல் மணல் காய்ந்து கிடக்கும், ஆனால் கொஞ்சம் ஆழம் போனால் ஈரம் வந்துவிடும், ஆகவே கம்பி நீளமாக வேண்டும். உவர்மலையில் பிரச்சினை வேறு: அலவாங்கே இறங்காத கல். அங்கே கம்பியைப் பாதியில் வெட்டி மண்ணை மூடிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கல் தட்டினால் வளவில் மண் உள்ள வேறு இடம் தேட வேண்டும், அல்லது கம்பி நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு மூன்று கம்பி அடித்து இணைக்க வேண்டும். குழியில் உப்பும் கரியும் போடுவதை நான் விரும்புவதில்லை. உப்பு ஒரு மாரி மழையில் கரைந்து போய்விடும், போகும் முன் கம்பியையும் கிளாம்பையும் அரித்துவிட்டுப் போகும். கம்பியிலிருந்து பெட்டிக்கு வரும் எர்த் வயர் 7/1.04 அளவுக்கு (1.04 மி.மீ. தடிப்பில் ஏழு இழை) குறையக் கூடாது, வெளியில் ஓடும் இடத்தில் குழாய்க்குள் ஓட வேண்டும்.

அடித்த பிறகு எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குள் வந்தால் சந்தோஷம். 200 ஓம் தாண்டினால் அந்த எர்த் நிலையாக நிற்கும் என்று நம்ப முடியாது. எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். மார்கழி மழையில் எந்த எர்த்தும் நல்ல எர்த் மாதிரித்தான் காட்டும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடக்கும்போது அளந்த எண்தான் உண்மையான எண். மழையில் வேலை செய்ய நேர்ந்தால் கச்சான் காலத்தில் ஒருமுறை திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்

சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ், கிட்டத்தட்ட 6900 வாட். சாமான்களின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை எழுதி 230 ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 5 கிலோவாட் ஷவர் ஹீற்றர் ஒன்றே 22 அம்பியர் சாப்பிடும். மின்சார அடுப்பு 2000 வாட் என்றால் 9, கேத்தலும் அதே அளவு, 12,000 பி.ரி.யு. ஏசி சுமார் 5, அயன் 5. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, ஆனால் காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் எவை எவை சேர்ந்து ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அது 30 தாண்டினால் பெட்டி மாற்றியும் பயனில்லை, மின்சார சபை அலுவலகத்தில் இணைப்பை த்ரீ ஃபேஸ் ஆக்க விண்ணப்பிக்க வேண்டும். பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தோடு போய், வயரிங் பரிசோதனை அறிக்கை எதுவும் கேட்பார்களா என்று அங்கேயே விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்டியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், சிங்கிள் ஃபேஸ் பெட்டி வீட்டு மூலையில் கிடக்கும். கூரையில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள், அதற்குத் தனி பிரேக்கருக்கு இடம் விட வேண்டும்.

என் அபிப்பிராயம், பெரும்பாலான வீடுகளுக்கு ஷவர் ஹீற்றரை மட்டும் சிறியதாக்கினாலே 30 அம்பியர் போதும்.

வயர் தாங்குமா என்று அளத்தல்

மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் எர்த்தோடு எங்காவது உரசுகின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லா பிளக்கும் கழற்றி, பல்ப்பும் கழற்றி, மெயினை நிறுத்தித்தான் செய்ய வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வரும் சர்க்கிட்டைப் புதுப் பெட்டியில் கொடுக்கக் கூடாது. நல்ல வயர் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். எர்த்துக்கு நேர்மாறாக, இதை அளக்கச் சிறந்த காலம் மாரி, ஏனென்றால் சுவர் ஈரமாக இருக்கும்போதுதான் வயரின் குறை வெளிப்படும். 2004 சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய வீடுகளில் சுவருக்குள் போன குழாய்களையும் பழைய பிளக் பெட்டிகளையும் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். உப்பு உள்ளே படிந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிளக்கைக் கழற்றினால் செம்பில் பச்சை பூத்திருக்கும்.

மெகர் இல்லாமல், "எல்லாம் ஓகே அண்ணை, நான் பாத்திட்டன்" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மெகர் இருக்கிறதா, எர்த் டெஸ்டர் இருக்கிறதா, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா, அளந்த எண்களைக் காகிதத்தில் எழுதித் தருவீர்களா: இந்த நாலு கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

மெகரில் தோற்ற வயரிங்கைப் புதிதாக இழுக்கத்தான் வேண்டும், செலவு அங்கேதான். கையில் காசு குறைவென்றால் குசினி, குளியலறை, மோட்டர் லைன் மூன்றையும் முதலில் மாற்றி, லைற் லைனை அடுத்த வருடத்துக்கு விடலாம். ஆனால் தோற்றுப்போன லைனை அதுவரை துண்டித்தே வைத்திருக்க வேண்டும்.

என்ன வாங்குவது

லைற்றுக்கு 1/1.13 வயர், 6 அம்பியர் பிரேக்கர். 13 அம்பியர் பிளக்குகளுக்கு 7/0.67 வயர், 16 அல்லது 20 அம்பியர். ஏசி ஒவ்வொன்றுக்கும் தனி லைன். பெரிய ஹீற்றருக்கு 7/1.04 வயர், 32 அம்பியர் பிரேக்கர், அதிலிருந்து வேறு எதற்கும் பிரிக்கக் கூடாது. பிரேக்கர் என்பது வயரைக் காப்பாற்றத்தான், ஆகவே வயரைப் பார்த்துப் பிரேக்கர் போட வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 20 ஐ எடுத்து 32 போட்டால் பழைய பீங்கான் கட்டையில் தடித்த கம்பி சுற்றிய அதே வேலைதான்.

ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர், 40 அம்பியர் தாங்குவது. இன்வேர்ட்டர் ஏசியும் இன்வேர்ட்டர் வாஷிங் மெஷினும் உள்ள வீட்டுக்கு ஏ வகை வாங்குங்கள், மலிவான ஏ.சி. வகைக்கு (இது ட்ரிப் சுவிச்சின் வகைப் பெயர், ஏசி மெஷின் இல்லை) அந்தச் சாமான்களின் கசிவு சரியாகப் புரியாது. முழு வீட்டுக்கும் ஒரே ட்ரிப் சுவிச் வைத்தால் குளியலறையில் ஈரம் பட்டதற்கு முழு வீடும் இருண்டுவிடும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் விழுந்தால் பிரிட்ஜில் உள்ள மீன் எல்லாம் போய்விடும். இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. அப்படி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நியூட்ரல் பட்டையும் தனித்தனியாக வேண்டும், இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இடி மின்னல் காலத்தில் ரிவி, ரௌட்டர் கருகுவது நம் பக்கத்தில் வழக்கம், ஆகவே திடீரென்று ஏறும் வோல்ட்டேஜை நிலத்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எர்த் நன்றாக இல்லாவிட்டால் அதுவும் வேலை செய்யாது.

பெட்டி கடலோரம் என்றால் தகரம் வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும். தீப்பற்றாத பிளாஸ்டிக்கில், ரப்பர் விளிம்பு உள்ள மூடியோடு எடுங்கள். இப்போது தேவைப்படுவதைவிட நாலைந்து இடம் கூடுதலாக உள்ள பெட்டி. வயருக்கு எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியமம்) முத்திரை பாருங்கள், களனி, ஏ.சி.எல். போன்ற நம் நாட்டுத் தயாரிப்பே போதும், பில்லோடு வாங்குங்கள். பிளக் மாற்றும்போது 13 அம்பியர் சதுர முள் பிளக்குகளாகவே மாற்றிவிடுங்கள், நாட்டின் பொது நியமம் இப்போது அதுதான்.

வேலை நாள்

மெயின் சுவிச்சை நிறுத்தினாலும் அதற்கு மேல் பக்கம் வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். மீற்றருக்குப் பக்கத்தில் சபை வைத்த பிரேக்கர் கைக்கு எட்டும்படி இருந்தால் அதை இறக்கி, யாரும் ஏற்றாதபடி ஒட்டுப் போட்டு வைத்துவிட்டுத் தொடங்கலாம். முத்திரை வைத்த பழைய கட் அவுட் என்றால் சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோ அலுவலகத்தில் சொல்லியோ சபை ஆட்கள் வந்து துண்டித்த பிறகுதான். "நான் கவனமாச் செய்வன், தேவையில்லை" என்று எந்த ஆள் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், உயிர் போவது அந்த இடத்தில்தான். ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதையும் நிறுத்தி வயரைக் கழற்றுங்கள்.

பழைய வீட்டில் அன்று மாலை வரப்போகும் சிக்கல் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாம் பூட்டி, கரண்ட் கொடுத்தால் ட்ரிப் சுவிச் நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். உடனே "புது சுவிச் பழுது" என்பார்கள், பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய வயரிங்கில் படிக்கட்டு லைற்றுக்கு அடுத்த சர்க்கிட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள், அல்லது எங்கோ ஒரு பிளக்கில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும். இத்தனை வருடமும் இருந்த குறையை அது இப்போதுதான் காட்டுகிறது. எல்லாப் பிரேக்கரையும் இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றித் தேடலாம், நியூட்ரல் குறை என்றால் பட்டையிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பிடிக்க வேண்டும். நேரம் எடுக்கும். இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழுதான லைனை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதற்குக் கரண்ட் கொடுத்து, அந்த இரவு குசினியில் மெழுகுதிரி கொளுத்திச் சமாளிக்கலாம்.

மூடியைப் பூட்டும் முன் ஒவ்வொரு ஸ்குரூவையும் இரண்டாம் முறை இறுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த முனைதான் சூடேறி எரியும், அதைப் பிரேக்கரால் கண்டுபிடிக்க முடியாது.

முடிந்த பிறகு

ஆளை அனுப்பும் முன் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்கரையும் இறக்கி, எந்த அறை போகிறது என்று பார்த்து, மூடியின் உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: குசினி பிளக், முன் அறை லைற், மோட்டர். வீட்டில் உள்ள எல்லாருக்கும், வயதானவர்களுக்கும், மெயினை எப்படி இறக்குவது என்று காட்டிக் கொடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிச் (சபைக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடுவது) இல்லாமல் பிளக் வழியாக வீட்டுக்குக் கரண்ட் ஏற்றவே கூடாது. அது கம்பம் வரை திரும்பிப் போகும், அங்கே லைன் திருத்தும் ஆள் நின்றிருப்பார்.

சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள், கடலோரம் என்றால் மாதம் ஒருமுறை, உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் பொறிமுறை இறுகிப் போகலாம். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். எர்த் குழி மூடியை வருடம் ஒருமுறை திறந்து கிளாம்ப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த், மெகர் எண்கள் எழுதிய காகிதத்தைப் படம் எடுத்து போனிலும், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலும் வையுங்கள். அடுத்த முறை அளக்க வருபவருக்கு அது வேண்டும்.